மூன்றாம் இலக்கக் கடிதம்

இல: ஞா/75/1
ஓர்ஸ் ஹில், திருகோணமலை.
9.2.1975

அன்புள்ள தங்கச்சி கமலேஸ்வரிக்கு,

நான் சுகம். மழை ஓய்ந்தபின் மூச்சிழுப்பும் குறைந்திருக்கிறது. பதுளைக் குளிருக்கு உன் முழங்கால் எப்படி? மச்சானின் இருமல் நின்றுவிட்டதா?

இவ்வருடத்தின் முதற் கடிதம் இது. ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகியும் வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தையும் பதிவேட்டில் எழுதி இலக்கமிடுகிறேன் என்று நீ சிரிப்பாய். உன்னைத் தவிர எனக்கு எழுத ஆளில்லை. ஆகவே பதிவேடு விரைவில் நிரம்பப்போவதில்லை.

என் ஆங்கில இலக்கண நூலில் பெயர்ச்சொல் முடிந்தது. இப்போது பிரதிப்பெயர். ஒரு பெயருக்குப் பதிலாக வந்து நிற்கும் சொல் என்று சொல்லிவிடலாம். வகை பிரிப்பதுதான் கஷ்டம். ஆட்பெயர், உடைமை, தற்சுட்டு, சுட்டு, வினா, தொடர்பு, பொதுமை என ஏழு வகைக்கும் தனித்தனித் தாள் எழுதி பிஸ்கட் தகரத்தில் அடுக்கியாயிற்று. 'ஈச் அதர்' போன்றவற்றை எட்டாவது வகையாக வைப்பதா, வேறொன்றின் கீழ் அடக்குவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. அவசரப்பட்டுப் பிழைவிட எனக்கு மனமில்லை.

ஒரு செய்தி. துறைமுகக் கந்தோரில் என் கீழ் பன்னிரண்டு வருடம் மூன்றாம் மேசையில் இருந்த கிண்ணியா ஸெய்னுதீனை உனக்கு நினைவிருக்கும். அவர் 'பிரதிப்பெயர் பழகுவோம்' என்று றோணியோ இயந்திரத்தில் அடித்த சிறு புத்தகம் ஒன்று வெளியிட்டிருக்கிறார். நிலாவெளியில் கட்டும் புது ஹோட்டலுக்கு யூன் 21ஆம் திகதி ஆள் எடுக்கிறார்களாம், ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்களாம். வேலைக்கு முயல்கிறவர்களுக்குத் தொழிலாளர் சங்க மண்டபத்தில் செவ்வாய் தோறும் பின்னேரம் வகுப்பு வைக்கிறார். வீடு தேடி வந்து, "பிழை இருந்தாச் சொல்லுங்க ஐயா" என்று ஒரு பிரதி தந்தார்.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பதினான்கு பிழை கண்டேன். பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன், உன் பார்வைக்கு மட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
வே. ஞானசேகரம்


பதுளை
20.2.75

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு ஆறுதல். என் முழங்கால் பழையபடிதான். படி ஏறினால் அழும், இறங்கினால் சிரிக்கும். இவருடைய இருமல் போய்விட்டது, கதைதான் கூடிவிட்டது.

"எனக்கு மிகுந்த மகிழ்ச்சி" என்று தனிப் பந்தியில் எழுதியிருக்கிறீர்கள். சாவீட்டுக்கு வருகிறவர்களும் அப்படித்தான் ஒரு வசனத்தைத் தனியாகச் சொல்லிவிட்டு வாயை மூடுவார்கள். அந்த மனிதர் பிழை சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்டிருக்கிறார். நீங்கள் பட்டியலைப் பதுளைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பதுளையில் நான் அதை வைத்து என்ன செய்ய? அவரிடம் கொடுங்கள்.

உங்கள் புத்தகத்தைப் பற்றிப் பன்னிரண்டு வருடமாக எனக்கு எழுதுகிறீர்கள். ஒரு பக்கமாவது நான் கண்டதில்லை. எட்டோ ஏழோ, ஒன்றைப் போட்டு முடியுங்கள் அண்ணா. பிறகு மாற்றினால் பூமி பிளக்காது.

வகுப்புக்கு எத்தனை பேர் போகிறார்கள்? நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?

மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள்.

தங்கை கமலம்


இல: ஞா/75/2
ஓர்ஸ் ஹில்
8.3.1975

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமாயிருக்கிறேன். நீ சொன்ன முழங்கால் எண்ணெய் இங்கே ஆயுர்வேதக் கடையில் கிடைக்கிறது. ஒரு போத்தல் வாங்கி அனுப்புவேன்.

நீ கேட்டதால் போய்ப் பார்த்தேன். மண்டபத்துக்குள் போகவில்லை. வேலியோரம் நின்று துறைமுகத்தைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு பேர். மூட்டை தூக்குகிறவர்கள், வள்ளக்காரர், ஹோட்டலில் உடுப்புத் துவைக்கும் பெண்கள் நால்வர்.

வரைவிலக்கணம் சொல்லாமலே தொடங்குகிறார், கமலம். 'ஹீ' என்று கரும்பலகையில் எழுதுகிறார். அவன், அவர் இரண்டுக்கும் இங்கிலீசில் இது ஒன்றுதான் என்கிறார். உடனே ஆதம்பாவா என்கிற மூட்டைக்காரன் எழும்பினான்.

"அப்ப மாஷ்டர், எங்கட பெரிய துரையும் ஹீ, நானும் ஹீயா?"

"ஓம், நீங்களும் ஹீதான்."

"கிரேன்?"

"கிரேன் இட்."

"அல்லாவே, கிரேனை விட ஒரு படி மேல நான் எண்டு இங்கிலீசிலயாவது இருக்கே! இதை ஒரு துண்டில எழுதித் தாங்க மாஷ்டர், நாளைக்குக் கங்காணிக்குக் காட்டணும்."

மண்டபமே சிரித்தது. இலக்கண வகுப்பில் சிரிப்பு! பிறகு றுக்கியா என்ற பெண், "நான் துவைச்ச சட்டையைத் தூக்கி 'யுவர்ஸ்?' எண்டு கேட்டன், வெள்ளக்காரி 'மைன்' எண்டாள். அவ்வளவுதான் சேர், என்ர வேலை முடிஞ்சுது" என்றாள். உடைமைப் பிரதிப்பெயருக்கு நான் மூன்று தாள் எழுதியிருக்கிறேன். அவள் சொன்னது அதில் ஒன்றிலும் இல்லை.

முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. ஸெய்னுதீன் என்னைக் கண்டுவிட்டு வெளியே வந்தார். "உள்ளுக்கு வாங்க ஐயா. அந்தக் கதிரை உங்களுக்குத்தான். ஒவ்வொரு கிழமையும் போட்டு வைக்கிறன்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

வகைகளை அவர் நிறுத்தும் ஒழுங்கு, நான் முன்பு கந்தோரில் மத்தியான இடைவேளைகளில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கே. அதை மட்டும் உனக்குச் சொல்லிவைக்கிறேன். வேறொன்றுமில்லை.

அண்ணன்,
ஞானசேகரம்


பதுளை
17.3.75

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை மட்டும் கோபித்துக்கொண்டு வரவில்லை.

சங்க மண்டபத்திலிருந்து ஓர்ஸ் ஹில்லுக்கு எந்த பஸ் ஓடுகிறது? நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. நடந்து போகிற தூரத்துக்கு பஸ் தேடியிருக்கிறீர்கள்.

ஒழுங்கு உங்களுடையதுதான், நம்புகிறேன். ஆனால் அதைத் தகரத்துக்குள் வைத்திருந்தவர் நீங்கள். வருகிற செவ்வாய் போய் அந்தக் கதிரையில் இருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். வராவிட்டால் பிழை எண்ணுங்கள். இருந்துகொண்டு எண்ணுங்கள், வேலியோரம் நின்று வேண்டாம்.

எண்ணெய் அனுப்ப வேண்டாம், இவர் வாங்கிவிட்டார்.

கமலம்


இல: ஞா/75/4
ஓர்ஸ் ஹில்
26.4.1975

அன்புள்ள தங்கச்சிக்கு,

புதுவருடம் உங்கள் எல்லோருக்கும் நல்லபடியாகப் பிறந்திருக்கும். நான் வீட்டோடு இருந்தேன். பதில் பிந்தியதற்கு இழுப்புத்தான் காரணம். டொக்டர் மருந்தை மாற்றித் தந்திருக்கிறார். வெயில் கடுமை. கிணற்றில் தண்ணீர் இரண்டு முழம் இறங்கிவிட்டது. மாமரம் இம்முறை காய்க்கவில்லை.

சங்க மண்டபத்து வகுப்பு நின்றுவிட்டதாகக் கேள்வி. யாரோ மொட்டைப் பெட்டிசம் எழுதியிருக்கிறார்களாம். இந்த ஊரில் இது வழமைதானே.

நூல் வேலையும் நிற்கிறது. மச்சானை விசாரித்ததாகச் சொல்.

ஞானசேகரம்


பதுளை
5.5.75

அண்ணாவுக்கு,

மருந்து மாற்றியது பிடித்ததா? இழுப்பு எப்படி?

உங்கள் கடிதங்களை ஒரு கயிற்றில் கோத்து வைத்திருக்கிறேன். முதலாம் இலக்கம் இருக்கிறது, இரண்டு இருக்கிறது, பிறகு நான்கு. மூன்று எனக்கு வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கலாம் என்று இவர் சொல்கிறார். நாற்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர், தபாலைக் குறை சொல்லத் தயங்குகிறவர், உங்களுக்காகச் சொல்கிறார்.

என்னைத் தவிர எழுத ஆளில்லை என்று மாசியில் எழுதினீர்கள். சித்திரைக்குள் யார் கிடைத்தார்?

அந்த வகுப்புக்காரர் என்ன செய்கிறார்கள்? யூனுக்கு அதிக நாள் இல்லையே.

கமலம்


இல: ஞா/75/5
ஓர்ஸ் ஹில்
14.5.1975

அன்புள்ள தங்கச்சிக்கு,

மருந்து பிடித்திருக்கிறது. உன் கடிதத்தில் உன் சுகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மூன்றாம் இலக்கம் மின்சாரக் கந்தோருக்கு எழுதியது. எங்கள் ஒழுங்கை முனையில் தெருவிளக்கு எரியவில்லை. பதிவேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

நேற்று அந்த றுக்கியா வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றே கதைத்தாள்.

"ஸெய்னுதீன் சேரை வகுப்பு வைக்க விடுறாங்க இல்ல ஐயா. நீங்க பெரிய கிளாக்கரா இருந்தனீங்க, நீங்க ஒரு சொல்லுச் சொன்னாச் சங்கத்தாக்கள் கேப்பாங்க. நான் இப்ப நாட்கூலிக்குத் துவைக்கிறன். புது ஹோட்டல்ல நிரந்தரமா எடுப்பாங்க. பேச்சில பாதிதான் எனக்கு வருகுது, மற்றப் பாதிக்கு எங்க போவன்?"

என்னால் ஏலாது, எனக்கு அங்கே யாரையும் தெரியாது என்றேன். செயலாளர் பாக்கியரத்தினம் எனக்கு முப்பது வருடப் பழக்கம். அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். அதையும் நின்றுகொண்டே குடித்துவிட்டு, "யூ ஆர் கைன்ட்" என்று சொல்லிப் போனாள். சொல் பிழையில்லாமல் இருந்தது.

வேறு விசேடமில்லை.

அண்ணன்


கிண்ணியா
20.5.1975

உங்கள் இல: ஞா/75/3, திகதி 22.3.75 தொடர்பாக

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

ஆண்டவன் கிருபையில் நாங்கள் சுகம். உங்கள் இழுப்பு வருத்தம் தணிந்திருக்க வேண்டுகிறேன்.

மேற்படி கடிதத்தைச் செயலாளர் பாக்கியரத்தினம் அவர்கள் சென்ற கிழமைதான் எனக்குக் காட்டினார். கையெழுத்து இல்லை. அச்செழுத்துப்போல ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருந்தது. நிலாவெளித் தபால் முத்திரை. ஆனால் மேலே வலது மூலையில் இலக்கம் இருந்தது. நிர்வாகத்தார் ஏழு பேர் பார்த்தும் அது என்னவென்று அவர்களுக்கு விளங்கவில்லை. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன் ஐயா. பன்னிரண்டு வருடப் பழக்கம். இலக்கம் இல்லாத கடிதம் கந்தோரை விட்டு வெளியே போகக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள்தானே.

பந்திகளை இலக்கமிட்டிருந்தபடியால் நானும் அப்படியே பதில் தருகிறேன்.

பந்தி 1. எட்டு வகைப் பிரதிப்பெயரில் ஐந்தை மட்டும் படிப்பிக்கிறேன் என்பது உண்மை. உல்லாசப் பயணி குளிக்கத் துவாய் கேட்க அவ்வளவு போதும் என்று நினைத்தேன்.

பந்தி 2. ஒழுங்குமுறை இன்னொருவருடையது என்பது உண்மை. அதைப் புத்தகத்தின் முதல் தாளிலேயே எழுதியிருக்கிறேன்.

பந்தி 3. வகுப்பில் சிரிக்கிறார்கள் என்பதும் உண்மை. நாள் முழுக்கச் சுமந்துவிட்டு வருகிறவர்கள்.

பெட்டிசம் வந்தால் விசாரித்து முடியும்வரை மண்டபம் தருவதில்லை என்பது சங்கத்தின் வழக்கம். நிர்வாகசபை யூலையில்தான் கூடும். எழுதியவர் தாமே வந்து திருப்பி எடுத்தால் அன்றைக்கே விசாரணைக் கோவையை மூடலாம் என்கிறார் செயலாளர். யார் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். இனியும் அப்படித்தான் சொல்வேன்.

எனக்கு உங்களில் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆகவே எழுதவில்லை.

இப்படிக்கு,
மு. ஸெய்னுதீன்


பதுளை
23.5.75

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமில்லை என்று எனக்குத் தெரியும்.

ஸெய்னுதீனுக்கு எழுதிப் புத்தகம் ஒன்று எடுப்பித்தேன். வேறொன்றும் நான் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் தாளைத் திறந்தேன். "ஆங்கிலப் பிரதிப்பெயர்களை ஒழுங்காக நிறுத்திப் பார்க்க எனக்குப் பழக்கியவர் தலைமை எழுதுவினைஞர் திரு. வே. ஞானசேகரம். இதில் சரி உள்ளதெல்லாம் அவருடையது, பிழை என்னுடையது."

நீங்கள் அனுப்பிய பதினான்கு பிழையும் மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. முதல் தாளை நீங்கள் பார்க்கவே இல்லையா?

ஒழுங்கை முனையில் விளக்கு எரிகிறதா அண்ணா?

கமலம்


இல: ஞா/75/6
ஓர்ஸ் ஹில்
27.5.1975

செயலாளர் திரு. பாக்கியரத்தினம் அவர்களுக்கு,

22.3.75 திகதியிட்டு, கையெழுத்தின்றி உங்களுக்குக் கிடைத்த ஞா/75/3 இலக்கக் கடிதத்தை எழுதியவன் நான். பொறாமையால் எழுதினேன். அதை முழுமையாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வகுப்பை உடனே நடத்த அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கையொப்பம்: வே. ஞானசேகரம்

பிரதிகள்: திரு. மு. ஸெய்னுதீன், கிண்ணியா.
திருமதி கமலேஸ்வரி, பதுளை.


இல: ஞா/75/7
ஓர்ஸ் ஹில்
11.6.1975

அன்புள்ள தங்கச்சி கமலேஸ்வரிக்கு,

ஆறாம் இலக்கத்தின் பிரதி உனக்குக் கிடைத்திருக்கும். இழுப்பு இல்லை. பசி வருகிறது. உன் முழங்காலைப் பற்றி இந்த முறையாவது எழுது.

முதல் தாளைப் பார்த்தேன். ஸெய்னுதீன் படலையைச் சாத்திக்கொண்டு போகுமுன்பே பார்த்துவிட்டேன். என் பெயரை அவர் மறைத்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்க மாட்டேன். எழுதி முடிக்காத புத்தகத்துக்கு எனக்கு நன்றி சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடமாக நான் செய்யாததை அவர் ஒரு மாரி காலத்தில் செய்து முடித்து, அதைத் தூக்கி என் கையிலேயே தந்துவிட்டுப் போகிறார். அந்தத் தாளை நான் உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் மிஞ்சியிராது.

பெட்டிசத்தை இடது கையால் எழுதினேன். வேறு கடையில் தாள் வாங்கினேன். நிலாவெளிக்கு பஸ் ஏறிப் போய் அங்கே தபாலில் போட்டேன். எல்லாம் கவனமாகச் செய்துவிட்டு, பழக்கத்தில் மூலையில் இலக்கத்தையும் போட்டிருக்கிறேன். ஏழா எட்டா என்று பன்னிரண்டு வருடம் தீர்மானிக்க முடியாதவன், குற்றம் சொல்லும்போது ஒரு நொடியில் 'எட்டு' என்று எழுதிவிட்டேன். பதிவேட்டில் 'மின்சாரக் கந்தோர்' என்று பொய் எழுதினேன். அந்தப் பதிவேட்டை என்னைத் தவிர ஒருவரும் பார்ப்பதில்லை, கமலம். அதைச் சிவப்பு மையால் வெட்டி, சரியான விலாசத்தை எழுதிச் சிற்றொப்பமிட்டிருக்கிறேன்.

ஆறாம் இலக்கத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்டபப் படியில் இரண்டு தரம் திரும்பினேன். பாக்கியரத்தினம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன கிளாக்கர் ஐயா, இது நீங்களோ? நான் அந்த மூலைக் கடைக்காரனையெல்லோ சந்தேகிச்சனான்! இரண்டு மாசமா அவன்ர கடையில தேத்தண்ணியும் குடிக்கேல்லை."

"அவரிட்ட நான் சொல்லட்டோ?" என்றேன்.

"வேண்டாம், வேண்டாம். நான் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சு விடுறன்" என்றார். அவர் சிரித்தார். நான் படி இறங்கி வந்தேன். மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சந்தையில் ஒருவர் எனக்குப் பின்னால் "பெட்டிசம்" என்று இருமினார். திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பு தொடங்கிவிட்டது. முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர்தான் திரும்பி வந்தார்கள். ஐந்து பேர் வேறு வேலை தேடிக் கொழும்புக்கும் வேறிடங்களுக்கும் போய்விட்டார்கள். அந்த ஐந்தையும் நான் எந்தப் பதிவேட்டில் திருத்துவது?

நேற்றுச் செவ்வாய்க்கிழமை போனேன். கதிரை அங்கே இருந்தது, ஆனால் எனக்கில்லை. அதில் றுக்கியா இருந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தாள். ஸெய்னுதீன், "நீங்க எழுதுங்க" என்று அவளிடம் சொன்னார். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் பின்னால் போனேன். ஆதம்பாவா வாங்குப் பலகையின் நுனியில் கொஞ்சம் அசைந்து இடம் விட்டான். அரைவாசி உடம்பை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

வகுப்பு முழுக்கப் பிழை எண்ணினேன். இரண்டு. முடிந்ததும் முன்னால் போய், அந்தப் பதினான்கு பிழைப் பட்டியலின் பிரதியை ஸெய்னுதீனிடம் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பதினாறாக்கியிருந்தேன். அவர் நின்றபடியே முழுவதையும் வாசித்தார். "ஒன்பதாவது பிழையில்லை ஐயா" என்றார். வீட்டுக்கு வந்து மூன்று புத்தகம் புரட்டிப் பார்த்தேன். பிழையில்லைத்தான். அதை எழுதும்போதும் நெஞ்சுக்குள் ஏதோ சுடுகிறது. அது போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். அவருடைய கரும்பலகை எழுத்து என்னுடையதை விட அழகு.

தகரத்திலுள்ள தாள்களைப் பிரதி எடுத்து உனக்குத் தனிப் பொதியாக அனுப்புகிறேன், ஏழு வகையோடு. எட்டாவதற்கு ஒரு வெற்றுத் தாள் வைத்திருக்கிறேன். வாசித்துப் பிழை இருந்தால் எனக்கே எழுது.

வெளியே வரும்போது ஆதம்பாவா என்னோடு நடந்து வந்தான். பெட்டிசத்தைப் பற்றி ஏதும் சொல்லப்போகிறான் என்று பயந்தேன்.

"அடுத்த கிழமை கொஞ்சம் நேரத்தோட வாங்க ஐயா" என்றான். "பிந்தி வந்தா நுனிதான் கிடைக்கும்."

உன் அண்ணன்,
வே. ஞானசேகரம்